நாற்பது நம்பர் தங்கூசி

“இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடி” என்று சொன்ன செலஸ்டின் கொரைரா, யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்ததும் தூண்டில் ரீலின் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தினார். எதிரே நாற்காலியில் இருந்த அவர் மனைவி ஜெசிந்தா தன் மடியில் கிடந்த வலது கையைக் குனிந்து பார்த்தாள். பொங்கல் கழிந்த வாரத்தில் பக்கவாதம் வந்து, பேச்சும் காலும் இரண்டு மாதத்தில் திரும்பிவிட, அந்தக் கை மட்டும் விரல்கள் உள்நோக்கி மடங்கிப் பூட்டிக்கொண்டு, கிள்ளினாலும் தெரியாமல் தங்கிவிட்டிருந்தது. இப்போது அந்தப் பூட்டிய விரல்களுக்குள் ஓர் ஈரத்துணி திணிக்கப்பட்டிருக்க, பக்கத்து வீட்டு லம்பர்ட் மொத்தா பென்சிலில் கோத்துப் பிடித்திருந்த கடை உருளையிலிருந்து புறப்பட்ட தங்கூசி என்னும் புது நைலான் நூல் துணிக்குள் ஒருபக்கம் நுழைந்து, மறுபக்கம் நனைந்து வெளியேறி, செலஸ்டினின் ரீலில் போய் ஏறிக்கொண்டிருந்தது.

“அதுகிட்ட சொல்லி என்ன செய்ய? அது வெறும் கொக்கி. நீங்க சுத்துங்க” என்றாள் ஜெசிந்தா.

“மைனி, பென்சில வேற எதுலயாவது சொருகிட்டு, நூல நான் வேணா புடிக்கேன்” என்றான் லம்பர்ட்.

“வீட்டுக் கைதான் புடிக்கணும். ஒன் வீட்டுக்கு ஒன் பொண்டாட்டி, என் வீட்டுக்கு என் பொண்டாட்டி.”

“நான் நூலத்தான சொன்னேன் அண்ணே.”

ஜெசிந்தா சிரித்தாள். செலஸ்டின் மறுபடி சுற்றத் தொடங்கினார்.

உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் சூசையப்பர் காலனியின் நாற்பது வீடுகளில் யாரும் தனியாக ரீலுக்கு நூல் ஏற்றுவதில்லை. ஒருவர் சுற்ற, அதே வீட்டின் இன்னொருவர் ஈரத்துணிக்குள் நூலைப் பிடித்து ஓடவிட வேண்டும். பிடி தளர்ந்தால் நூல் பஞ்சுபோல உப்பி ஏறும், அப்படி ஏறிய நூலில் பெரிய மீன் இழுக்கும்போது மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதையும், அடுத்த முறை வீசும்போது புதைந்த இடத்தில் சிக்கி ஒரு வெடிச் சத்தத்தோடு அறுந்து, ஈயக்குண்டும் தூண்டில் முள்ளும் மட்டும் தனியாகக் கடலுக்குப் போகும். ஜெசிந்தா இருபத்திரண்டு வருடம் பள்ளிச் சீருடைகளும் சாமியார்களின் பூசை அங்கிகளும் தைத்தவள், பாபினில் நூல் சுற்றிச் சுற்றி விரலுக்கு இறுக்கம் படிந்தவள். அவள் பிடித்து ஏறிய நூல் ரீலில் பாட்டில் கண்ணாடிபோல வழுவழுவென்று படுத்திருக்கும். தூண்டில் வளைவு என்று அரசாங்கமும் கல் என்று நாங்களும் சொல்லும் அந்தக் கடற்பாறை வரிசையில் காலையில் வந்து உட்காரும் ஆண்கள், செலஸ்டின் ரீலைக் கீழே வைத்தால் அதன்மேல் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்ப்பார்கள், ஓட்டிப் பார்த்துவிட்டுத் தங்கள் ரீலை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார்கள்.

அன்று இருநூற்றைம்பது மீட்டர் ஏறியது. ரீல் உருளையின் விளிம்புக்கு ஒரு தீக்குச்சிக் கனம் கீழே நிறுத்தி, செலஸ்டின் நூலை வெட்டினார். மேலே தடவிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். லம்பர்ட்டும் தடவிப் பார்த்தான், அவனும் நன்றாக இருக்கிறது என்றான். எப்படி ஏறியிருக்கிறது என்று ஜெசிந்தா கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவள் இடது கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, மடியில் கிடந்த வலது கையை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

“பிலோமி, என் கைய இழுக்காத” என்றாள்.

சமைத்துக் கொடுக்க வரும் லம்பர்ட்டின் மனைவி பிலோமி அடுப்படியில் இருந்தாள். “நான் எங்கக்கா இழுத்தேன்? நான் இங்கலா நிக்கேன்.”

ஜெசிந்தா முறத்தைக் கீழே வைத்தாள். வலது கை மடியைவிட்டு ஒரு சாண் முன்னால் போய் நின்று, இடதுபக்கம் திரும்பி, மறுபடி இழுபட்டது. அவள் கொஞ்ச நேரம் அதைக் கவனித்தாள்.

“பாறை மீனு” என்றாள். “ரெண்டு கிலோ இருக்கும். கல்லச் சுத்தப் பாக்குது. இவிய இறுக்கிப் புடிச்சிட்டு நிக்காவ, கொஞ்சம் விட்டுக் குடுக்கணும். லம்பர்ட்டுக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லு.”

பிலோமி அடுப்பைத் தணித்துவிட்டு போன் போட்டாள். கல்லில் செலஸ்டினுக்குப் பக்கத்தில் நின்ற லம்பர்ட் போனைக் காதில் வைத்தபடியே, “அண்ணே, மைனி கொஞ்சம் விட்டுக் குடுக்கச் சொல்லுதாவ” என்றான். செலஸ்டின் விட்டுக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் பாறை மீன் கல்லின்மேல் கிடந்தது. எடை இரண்டு கிலோவும் கொஞ்சமும். பிலோமி மசாலாவுக்கு மிளகாயை ஊறப்போட்டாள்.

அந்த வாரம் முழுக்கக் காலனியில் எல்லோரும் ரீலுக்கு நூல் மாற்றினார்கள். நல்ல நூலை உருவிப் போட்டுவிட்டுப் புது நூல் ஏற்றினார்கள். மனைவிகள் பிடித்தார்கள், அக்காக்கள் பிடித்தார்கள், கல்யாணமாகாத ஆரோன் ரொட்ரிகோ துணியைக் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வைத்துத் தானே பிடித்துக்கொண்டான். மறுநாள் பெண்கள் அடுப்பு முன்னாலும் பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் கையை நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், ஆரோன் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பிறகு நான்கு பேர் தங்கள் ரீல்களை ஜெசிந்தாவிடமே கொண்டு வந்து, அவளுடைய அதே கைக்குள் அதே ஈரத்துணியை வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த நான்கு நூலும் கடலில் கிடந்தபோதும் அவளுக்குச் செலஸ்டினின் நூல் மட்டுமே தெரிந்தது.

“நம்ம கையிலல்லாம் ஏற்கெனவே ஆள் குடியிருக்கு” என்று லம்பர்ட் கோயில் வாசலில் விளக்கம் சொன்னான். “மைனி கை காலி வீடு. கடலு வந்து ஏறிக்கிட்டு. ஒரு வீட்டுல ஒரு குடும்பந்தான் இருக்க முடியும்.”

“அப்ப ஒங்க மண்டைக்குள்ளயும் ஏறிருக்கணுமே” என்றாள் பிலோமி. “அதவிடக் காலி வீடு இந்தக் காலனியில இல்லியே.”

விளக்கம் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு யாரும் காரணத்தைப் பற்றிப் பேசவில்லை, நேரத்தைப் பற்றித்தான் பேசினோம். செலஸ்டினுக்கு உப்பளத்து எடைமேடையில் மதிய ஷிப்ட். காலை ஆறிலிருந்து பத்து வரை அவர் கல்லில் இருப்பார், ஆகவே ஆறிலிருந்து பத்து வரை ஜெசிந்தாவின் கை கடலில் இருக்கும். அந்த நேரத்தில் பெண்கள் வெங்காயமும் கீரையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்து, உரித்துக்கொண்டும் ஆய்ந்துகொண்டும் கேட்டார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து, கடலின் மேல்முகத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அவள் அடிப்பக்கத்தைச் சொன்னாள். கல்லுக்கு அப்பால் நாற்பது அடியில் ஒரு பள்ளம் இருப்பதையும், பள்ளத்தின் சேறு கோதுமை மாவைவிட மெல்லியது என்பதையும், அதைத் தாண்டினால் பாசி என்பதையும், பாசிக்கு நடுவில் ஒரு சைக்கிள் கிடப்பதையும் சொன்னாள். சைக்கிள் யாருடையது என்று ஆண்கள் இரண்டு நாள் சண்டை போட்டார்கள். நெத்திலிக் கூட்டம் நூலை உரசிக்கொண்டு போகும்போது கைக்குள் தூறல் விழுவதுபோல இருக்கும் என்றாள். நீரோட்டம் திரும்பும் நிமிடத்தை அவள் சொல்ல, கோயில் உபதேசியார் அதைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார். மீனின் பெயர் தெரிந்த பிறகே பெண்கள் தேங்காய் உடைத்தார்கள், சீலா என்றால் குழம்புக்கு, விளை என்றால் பொரிக்க. புளி ஊறுவதற்கும் மீன் கரைக்கு வருவதற்கும் சரியாக இருந்தது.

வாரம் ஒருமுறை கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோ தமயந்தி, முதல் முறை இதைப் பார்த்தபோது மீன் வந்து போகும்வரை கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பையிலிருந்து ஊசியை எடுத்து ஜெசிந்தாவின் விரல் நுனிகளை வரிசையாகக் குத்தினாள். தெரியவில்லை. பனிக்கட்டி வைத்தாள், தெரியவில்லை. தன் கோப்பைத் திறந்து, உணர்ச்சி என்று எழுதியிருந்த இடத்துக்கு எதிரே, ‘உண்டு. கடலில் மட்டும்’ என்று எழுதினாள். அடுத்த மாதம் பெரிய டாக்டர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

“எதையாவது உணர்ந்திட்டே இருந்தா வழி இருக்குண்ணு சொல்லுவாங்க அங்கிள்” என்று தமயந்தி வாசலில் வைத்துச் செலஸ்டினிடம் சொன்னாள். “ஒரு வருஷமா எதுவுமே தெரியாத கை திரும்பி வந்து நான் பாத்ததில்ல. இது கடலோ என்னவோ, விட்டுராதீங்க.”

அன்றிலிருந்து செலஸ்டின் ஒரு நாளும் விடவில்லை. காய்ச்சலோடு போனார். அவருடைய சொந்தத் தம்பி மகள் கல்யாணத்தன்று காலையிலும் போய், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லில் நின்று, பத்து மணிக்குக் கோயிலுக்கு வந்தார். கை ஒருநாள் காலியாகக் கிடந்தால் கடல் அதை மறந்துபோகும் என்று அவர் நம்பினார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

ஜெசிந்தா மட்டும் நம்பிக்கை என்று எதையும் சொல்லவில்லை. ஐப்பசியில் ஒருநாள் வலது கை தோசைக்கல்லின்மேல் சரிந்து கிடப்பது தெரியாமல் அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தோல் கருகும் வாடை வந்து பிலோமி அலறிக்கொண்டு கையைத் தூக்கியபோது, “சத்தம் போடாத, ஒரு நண்டு நூலு மேல நடந்து போவுது” என்றாள். நண்டு போன பிறகு கொப்புளத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு இடது கையால் தானே மருந்து தடவிக்கொண்டாள். அந்த வருடத்தில் அவளுடைய இடது கை மருந்து தடவவும், கையெழுத்துப் போடவும், ஊசியில் நூல் கோக்கவும், அடுத்த வீட்டுக் குழந்தைகளின் சட்டைக்குப் பொத்தான் வைக்கவும் கற்றிருந்தது.

தங்கூசிக்கு ஆயுள் குறைவு. வெயிலும் உப்பும் பட்டால் ஏழெட்டு மாதத்தில் நிறம் வெளுக்கும், பிறகு கண்ணாடித்தனம் போய் மெழுகுபோல மங்கும், பிறகு சுருள்சுருளாக விழத் தொடங்கும், பிறகு சின்ன மீனுக்கே அறும். மற்றவர்கள் எல்லாம் கார்த்திகைக்குள் நூல் மாற்றிவிட்டார்கள். செலஸ்டின் மாற்றவில்லை. கல்லிலிருந்து வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் ஆற்றி, கிளிசரின் தடவி, ஈரச்சாக்கில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்தார். கிளிசரின் வாங்கிக் கொடுத்தது காலனிக் கமிட்டி. அந்த நூல் ஜெசிந்தாவுடையது என்று முதலில் சொன்னோம், பிறகு காலனியுடையது என்று சொல்லத் தொடங்கியிருந்தோம். எப்போது மாறினோம் என்று யாருக்கும் நினைவில்லை.

தை மாதம் பிறந்த பிறகு மீன் வரவில்லை. மூன்று வாரம் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டு காத்திருந்தார்கள், ஜெசிந்தாவின் கை மடியிலேயே கிடந்தது.

“இன்னும் ஒண்ணும் இல்லியாக்கா?”

“தண்ணி இருக்கு” என்பாள். “மீனில்ல.”

துறைமுகத்தில் மண் அள்ளுவதால் மீன் கலைந்துவிட்டது என்று ஆண்கள் சொன்னார்கள். ஆனால் பக்கத்தில் நின்ற லம்பர்ட் தினமும் மீனோடு வந்தான், ஆரோன்கூட மீனோடு வந்தான். ஜெசிந்தா இருபது நாள் எதுவும் கேட்கவில்லை. இருபத்தொன்றாம் நாள் காலை பத்தரைக்குச் செலஸ்டின் வந்து, ரீலை அலசி வைத்துவிட்டு, காப்பிக்கு உட்கார்ந்தார். பிலோமி இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“முள்ளு மாட்டாமத்தான போடுதிய?” என்றாள் ஜெசிந்தா.

செலஸ்டின் சர்க்கரையைக் கலக்கினார். சர்க்கரை கரைந்த பிறகும் கலக்கினார்.

“முள்ளு இருந்தா அடியில ஒரு கீறல் கீறும்” என்றாள். “பாசியில மாட்டி மாட்டி வரும். இது அப்படி இல்ல. ஈயம் மட்டும் கொட்டுக் கொட்டுண்ணு தட்டுது, செவுட்டுப் பய கதவத் தட்டுத மாதிரி. இருவது நாளா.”

“மீனு கடிச்சா அந்துரும் ஜெசி. நூலுல ஒண்ணும் இல்ல.”

“அந்துச்சுண்ணா அந்துட்டுப் போவுது.”

“கை?”

“கை இங்கதான இருக்கு.”

“அந்தப் பிசியோ புள்ள சொன்னது ஒனக்குத் தெரியாது. ஏதாவது ஒண்ணு தெரிஞ்சிட்டே இருக்கணும்ணு—”

“தெரியும். நான் செவிடு இல்ல, கைதான் செத்துது. நாலு மணி நேரம் வெயில்ல வெறும் ஈயத்தக் கட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கிய. கல்லுல எல்லாவனும் சிரிச்சிருப்பான்.”

“சிரிச்சானுவ.”

“நீங்க என்ன சொன்னிய?”

“கடலுக்குப் பேதி மருந்து குடுக்கேன்ணு சொன்னேன்.”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

“என் கையில புடிச்ச நூலு என்னிக்காவது மீன் புடிக்காம இருந்திருக்கா? இருவது வருசத்துல? எனக்குச் சும்மா தண்ணியக் காட்டிட்டு இருக்காதீங்க. சாயந்திரம் வரும்போது நாப்பது நம்பர் தங்கூசி ஒரு உருளை வாங்கிட்டு வாங்க. பழச உருவிருவோம்.”

பிலோமி கையில் இட்லியோடு நின்றாள். செலஸ்டின் காப்பியைக் குடிக்காமலே ஷிப்டுக்குப் போனார், போன பிறகு பிலோமி ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் காலனியே வந்தது. உள்ளே இடம் போதாமல் பாதிப்பேர் ஜன்னலில் நின்றார்கள். கமிட்டித் தலைவர் பேசினார், உபதேசியார் பேசினார், ஆரோன் பேச வந்து பேசாமல் போனான். எல்லோரும் அவளுடைய கைக்காகத்தான் பேசினார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் பத்து மாதம் கடலின் அடிப்பக்கத்தைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தவர்களுக்கு இனி வெறும் வெங்காயம் உரிப்பது எப்படி என்ற கவலையும் அதில் இருந்தது.

லம்பர்ட்தான் வழி சொன்னான். “முழுசா உருவ வேண்டாம் மைனி. அடியில நூறு மீட்டர் பழச விட்டுருவோம், அதுல கிளிசரின் ஊறிக் கெடக்கட்டும். அதோட முனையில புதுச முடிஞ்சு மேல ஏத்திருவோம். மீனு புதுசுல கடிக்கும், ஒங்களுக்குப் பழசு வழியா வந்து சேரும். எல்லாவனும் அப்படிச் செய்யதுதான.”

கூட்டம் முழுவதும் ஒரு மூச்சு விட்டது. செலஸ்டின் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “அப்படிச் செய்வோம் ஜெசி” என்றார். “அடியில பழசு இருக்கட்டும்.”

ஜெசிந்தா ரீலைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இடது கைப் பெருவிரலால் நூலின்மேல் அழுத்தித் தடவினாள்.

“பாபின்ல பழைய நூலு மிச்சமிருக்கும்போது அதுமேல புதுசச் சுத்துத தையக்காரிக்கு நான் வேல குடுக்க மாட்டேன்” என்றாள். “முடிச்சு எங்கயாவது ஒரு எடத்துல தட்டும். வீசும்போது தட்டும், இல்லண்ணா பெரிய மீனு இழுக்கும்போது தட்டும்.” பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். “இன்னொண்ணும் சொல்லுதேன். போன வருசம் ஏத்துனது சரியா ஏறல. மூணு எடத்துல நூலு நூலுக்குள்ள புதைஞ்சிருக்கு. முதல் நாளு அந்தப் பாறை மீன் ஓடும்போதே எனக்குக் கையில இடறுச்சு. இவிய தடவிப் பாத்தாவ, நல்லாருக்குன்னாவ. லம்பர்ட்டும் சொன்னான். ரெண்டு பேரும் பொய்யி. என் கையில ஏறுன நூல எல்லாரும் வந்து பாத்திய, தொட்டுக் கும்பிடாத கொறை, ஒருத்தராவது இது மோசமா ஏறியிருக்குண்ணு சொன்னியளா?”

லம்பர்ட் தரையைப் பார்த்தான். அவள் சொன்னதில் ஒரு வருடமாக அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்த வெட்கம் இருந்தது. சீருடையில் ஒரு கை மற்றதைவிட நீளமாகிப்போனதைத் தைத்தவள் மட்டும் அறிந்து, அந்தக் குழந்தை தெருவில் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாளே, அதுபோல.

“உருவுங்க” என்றாள் செலஸ்டினிடம்.

நூலின் முனையை லம்பர்ட் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தான். வெளுத்த தங்கூசி அவனுக்குப் பின்னால் ரீலிலிருந்து சுழன்று கழன்று, வாசல்களைத் தாண்டி, கோயில் கொடிமரத்தைத் தாண்டி, உப்பளத்துப் பாதைவரை நீண்டது. ஜன்னல்களில் நின்றவர்கள் அது தங்கள் முன்னால் போகும்போது கையை எடுத்து வழிவிட்டார்கள். அறையில் ஜெசிந்தா கண்ணை மூடியிருந்தாள். கடைசிச் சுற்று கழன்று, செலஸ்டின் முடிச்சை வெட்டியதும் அவளுடைய வலது கை ஒருமுறை உதறிக்கொண்டு நின்றது.

“என்ன?” என்றார்.

“தண்ணி வடிஞ்சிட்டு” என்றாள். “புதுச எடுங்க.”

புது நூலின் முனையை அவர் ரீலின் உருளையில் இரட்டையாகச் சுற்றி முடிச்சுப் போட்டார், எச்சில் தொட்டு இறுக்கினார். திரும்பி வந்த லம்பர்ட் பென்சிலைப் பிடித்தான். செலஸ்டின் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் முழங்காலிட்டு, வலது கையை விரிக்கப் பார்த்தார்.

“அதுல வேண்டாம்” என்றாள். “இதுல குடுங்க.”

“ஜெசி.”

“அதுல புடிச்சா மறுபடியும் உப்பித்தான் ஏறும். நீங்க மறுபடியும் நல்லாருக்கும்பிய.”

கூட்டத்தில் யாரோ அழுத சத்தம் கேட்டது, பிலோமிதான். பிறகு அவர் துணியை அவளுடைய இடது கையில் வைத்துவிட்டு எழுந்துபோய்த் தன் இடத்தில் உட்கார்ந்து சுற்றத் தொடங்கினார், ஜெசிந்தா துணிக்குள் நூலைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஓடவிட்டாள். முதல் இருபது சுற்றுக்குள் இரண்டு தரம் நிறுத்தச் சொல்லி அவிழ்க்கச் சொன்னாள். பிறகு நிறுத்தச் சொல்லவில்லை. நூல் உருளையைவிட்டு வந்து, விரல்களுக்கு நடுவில் ஒரு சீரான கீச்சுக் குரலோடு போய், ரீலில் வரிவரியாகப் படுத்தது. எங்கள் காலனி முழுவதும் அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது, பூசையில் மணி அடிக்கும்போது நிற்பதைவிட அமைதியாக. விளிம்புக்கு ஒரு தீக்குச்சிக் கனம் இருக்கும்போது அவளே போதும் என்றாள். செலஸ்டின் ரீலைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் லம்பர்ட்டிடம் கொடுத்தார். லம்பர்ட் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தான். அது கைமாறிக் கைமாறி ஜன்னல் வழியாக வெளியே போய், வெளியே நின்ற ஒவ்வொருவரின் விரலும் பட்டு, வாசல் வழியாக உள்ளே வந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே அவள் வீட்டில் இடமில்லை. யாரும் வெங்காயம் கொண்டுவரவில்லை. அவளுடைய வலது கையை ஒரு தலையணைமேல் வைத்து, எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிலோமி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“வீசிட்டாவளாம்” என்றாள். “இவரு சொல்லுதாரு, சைக்கிளு கெடந்த எடத்தையும் தாண்டிப் போயிருக்காம்.”

எல்லோரும் கையைப் பார்த்தார்கள்.

“தெரியுதாக்கா?”

“இல்ல.”

ஏழு மணியாயிற்று. எட்டாயிற்று. “மீனு கடிச்சிட்டு!” என்று பிலோமி கத்தினாள். “பெருசாம். ஓடுதாம். இன்னும் ஓடுதாம். அக்கா, தெரியுதா?”

கை தலையணைமேல் கிடந்தது.

“நூலு எங்கயாவது இடறுதாண்ணு கேளு” என்றாள் ஜெசிந்தா.

பிலோமி கேட்டாள். எதிர்முனையில் லம்பர்ட் செலஸ்டினைக் கேட்டான். “இல்லியாம். எண்ணெயில ஓடுத மாதிரி ஓடுதுண்ணு அண்ணே சொல்லுதாவளாம்.” கொஞ்ச நேரத்தில், “கரைக்கு வந்துட்டு. சீலாவாம். ஆறு கிலோவாம்” என்றாள். சொல்லிவிட்டுத் தலையணையைப் பார்த்தாள், குரல் இறங்கிப்போய், “ஒண்ணுமே தெரியலியா?” என்றாள்.

“ஒண்ணும் இல்ல பிலோமி.”

உபதேசியார் முதலில் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, அவள் தோளைத் தொட்டுவிட்டோ தொடாமலோ வெளியே போனார்கள். வாசலில் நின்று ஆறு கிலோவைப் பற்றிப் பேசினார்கள், இருபது வருடத்தில் அந்தக் கல்லில் அவ்வளவு தூரம் யாரும் வீசியதில்லை என்று கமிட்டித் தலைவர் சொல்வது உள்ளே கேட்டது. பிலோமி அரிவாள்மணையை எடுத்துப் போட்டு, தேங்காய் எங்கே என்று கேட்டாள். ஜெசிந்தா செலஸ்டின் வருகிறாரா என்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அலமாரிக்கு அடியில பாரு, பெருச எடு, இன்னிக்கு ஆள் நெறைய வரும்” என்று சொல்லிக்கொண்டே, தலையணைமேல் கிடந்த வலது கையின் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்த ஈயை, அந்தப் பக்கம் திரும்பாமலே, இடது கையால் ஓட்டினாள்.